பஃபலோ ஸ்னோல மாட்டிக்கிட்டா என்ன பண்றது? கேம்பஸுக்கு வெளில வீடு எடுக்குற தம்பிக்கு

தம்பி, உன் கேள்விய முதல்ல ஒரு தடவ சொல்லிடறேன், வேற யாராவது படிச்சாலும் புரியணும்ல. ஆகஸ்ட்ல அமெரிக்கால, நியூயார்க் மாநிலத்து பஃபலோல எம்.எஸ். சேர்ற, கேம்பஸ்ல ரூம் கிடைக்கல, யூனிவர்சிட்டியோட சவுத் கேம்பஸ் பக்கம் நாலு பசங்களோட ஒரு பழைய மர வீட்ல மாடி போர்ஷன் எடுத்திருக்க. டிசம்பர்ல ஸ்னோ கொட்டி வெளிய வர முடியாம போனா எத்தன நாளுக்கு அரிசி பருப்பு வாங்கி வெச்சுக்கணும்னு கேட்டிருக்க.

சாப்பாட்டப் பத்தி சொல்றேன், ஆனா அத பின்னாடி சொல்றேன். ஏன்னா நம்ம பசங்க எல்லாருமே அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், 2022 டிசம்பர்ல எங்க வீட்ல இருபது கிலோ சோனா மசூரி இருந்துச்சு, ஆனா ஒரு நல்ல டார்ச் லைட் கிடையாது. அஞ்சு பேர் இருந்தோம். அரிசி மூட்டைய கட்டிப்பிடிச்சுக்கிட்டு குளிர்ல நடுங்கினதுதான் மிச்சம். பனில மாட்டிக்கிட்டவன் பசியால சாகுறதில்ல தம்பி. ஒண்ணு வீட்டுக்குள்ள சூடு போய் சாகுறான், இல்ல பொறுமை போய் வெளிய இறங்கி சாகுறான். இந்த ரெண்ட மட்டும் நீ பாத்துக்கிட்டா மீதி எல்லாம் சமாளிக்கலாம்.

முதல்ல இந்த ஊர் ஸ்னோ எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கோ. பஃபலோ ஈரி ஏரியோட கிழக்கு முனைல இருக்கு. நவம்பர் டிசம்பர்ல ஏரித் தண்ணி இன்னும் கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும், அது மேல மேற்கு, தென்மேற்குலேர்ந்து வர்ற கடுங்குளிர் காத்து ஏரியோட நீளவாக்குல ஓடும்போது ஈரத்த அள்ளிக்கிட்டு வந்து கரையத் தொட்டதும் கொட்டும். இதத்தான் லேக் எஃபெக்ட் ஸ்னோன்னு சொல்றாங்க. இது ஊர் முழுக்க ஒரே மாதிரி பெய்யாது, நாடா மாதிரி ஒரு ஒடுக்கமான பட்டையா விழும், காத்து கொஞ்சம் திரும்பினா பட்டையும் திரும்பிடும். 2014 நவம்பர்ல ஊரோட தெற்குப் பக்கத்துல அஞ்சு அடிக்கு மேல கொட்டிச்சு, அதே நேரத்துல வடக்க சில கிலோமீட்டர் தள்ளி இருந்தவனுக்கு சில இன்ச்தான். 2022 நவம்பர்லயும் அதே கதை, ஆர்ச்சர்ட் பார்க்ல 80 இன்ச் கிட்ட, அதாவது ஆறரை அடிக்கு மேல. அங்கதான் பில்ஸ்ங்கற அமெரிக்க ஃபுட்பால் டீமோட ஸ்டேடியம் இருக்கு, மேட்ச தூக்கி டெட்ராய்ட்டுக்கு மாத்துனாங்க. அதனால போன்ல இருக்குற வெதர் ஆப்ல பஃபலோன்னு போட்டு ஒரு படத்தப் பாத்துட்டு முடிவு பண்ணாத. நேஷனல் வெதர் சர்வீஸோட பஃபலோ ஆபீஸ் போடுற அறிவிப்பப் படி. வாட்ச்னா வரலாம், தயாரா இருன்னு அர்த்தம். வார்னிங்னா வருது, இனிமே கடைக்கு ஓடாதன்னு அர்த்தம்.

ஈரி அஞ்சு பெரிய ஏரிகள்லயே ஆழம் கம்மியான ஏரி, சராசரியா 19 மீட்டர்தான். அதனால சீக்கிரமே ஆறிடும், ஜனவரி பிப்ரவரில பெரும்பாலும் உறைஞ்சிடும், உறைஞ்சா லேக் எஃபெக்ட் அடங்கிடும். அப்பாடான்னு இருக்காத. 1977 ஜனவரி கடைசில ஏரி ஏற்கனவே உறைஞ்சுதான் இருந்துச்சு, வானத்துலேர்ந்து புதுசா பெருசா ஒண்ணும் கொட்டல, உறைஞ்ச ஏரி மேல வாரக்கணக்கா குவிஞ்சு கிடந்த பொடி ஸ்னோவ காத்து அப்படியே வாரிக்கிட்டு வந்து ஊர் மேல போட்டுச்சு. இன்னிக்கும் இங்க இருக்குற பெருசுங்க அந்த வருஷத்தப் பத்திப் பேசுவாங்க, நம்மூர்ல தனுஷ்கோடி புயல்னு சொல்ற மாதிரி.

ப்ளிஸார்ட்ங்கறதும் ஸ்னோ அளவ வெச்சு சொல்றதில்ல. மணிக்கு 35 மைலுக்கு மேல காத்து, கால் மைல் தூரம்கூட கண்ணுக்குத் தெரியாத நிலைமை, இது மூணு மணி நேரம் நீடிச்சா ப்ளிஸார்ட். 2022 டிசம்பர் 23 ஆரம்பிச்சது 37 மணி நேரம் விடாம அடிச்சுது.

அந்த நாலஞ்சு நாள எங்க வீட்ல எப்படி ஓட்டினோம்னு சொன்னாதான் உனக்குப் புரியும். செமஸ்டர் முடிஞ்சிருச்சு, அமெரிக்கப் பசங்க எல்லாம் வீட்டுக்குப் போயாச்சு, டிக்கெட் காசுக்கு பயந்த நாங்க மட்டும் இருந்தோம். வியாழக்கிழமை மழை தூறிக்கிட்டு இருந்துச்சு, ஸ்வெட்டரே வேணாம்ங்கற மாதிரி இருந்துச்சு, அதனால எவனும் நம்பல. வெள்ளிக்கிழமை காலைல எழுந்து பாத்தா ஜன்னலுக்கு வெளிய ஒண்ணுமே இல்ல. எதிர் வீடு இல்ல, தெரு இல்ல, மரம் இல்ல, வெள்ளைத் துணிய ஜன்னல்ல ஒட்டி வெச்ச மாதிரி இருந்துச்சு. காலைல ஒம்பதரைக்கு ஈரி கவுண்டில, அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி, வண்டி ஓட்டத் தடை போட்டாங்க, அறிவிப்பு வந்த கொஞ்ச நேரத்துலயே தடை அமலுக்கு வந்துருச்சு, அதுக்குள்ள வேலைக்குப் போனவங்க பாதி வழில இருந்தாங்க. இது லேட்டு லேட்டுன்னு அப்புறம் ஊரே திட்டுச்சு, திட்டினதுல நியாயம் இருக்கு.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு கரண்ட் போச்சு. அந்த மாசத்துல இங்க நாலே முக்காலுக்கே சூரியன் விழுந்துடும்ங்கறத ஞாபகம் வெச்சுக்கோ. கரண்ட் போன உடனே நாங்க நெனச்சது, ஹீட்டர் கேஸ்ல தான ஓடுது, அது பாட்டுக்கு ஓடும்னு. அங்கதான் ஏமாந்தோம். கேஸ் ஃபர்னஸ்ல எரியறது கேஸ்தான், ஆனா பத்த வைக்கிற பொறியும், சூட்ட வீடு பூரா தள்ளுற ஃபேனும், எவ்ளோ சூடு வேணும்னு வைக்கிற, சுவத்துல இருக்குற தெர்மோஸ்டாட்டும் கரண்ட்ல ஓடுது. கரண்ட் இல்லன்னா ஃபர்னஸ் வெறும் இரும்புப் பெட்டி. பில்ல மிச்சம் புடிக்க 62 டிகிரி ஃபாரன்ஹீட்ல வெச்சிருந்த வீடு, ராத்திரி பத்து மணிக்குள்ள மூச்சு விட்டா புகை வர்ற அளவுக்கு வந்துருச்சு. இதுல நீ கத்துக்க வேண்டியது என்னன்னா, வார்னிங் வந்த அன்னிக்கே கஞ்சத்தனத்த ஓரமா வெச்சுட்டு தெர்மோஸ்டாட்ட 72க்கு ஏத்திடு. சுவரு, தரை, சோபா எல்லாம் சூடேறி இருந்தா கரண்ட் போனப்புறமும் சில மணி நேரம் தாங்கும்.

அப்புறம் நாங்க பண்ணின ஒரே உருப்படியான காரியம், அஞ்சு பேரும் ஒரே ரூமுக்குள்ள போனது. இருக்குறதுலயே சின்ன ரூம், ஜன்னல் கம்மியான ரூம். கதவு இடுக்குல துண்ட சுருட்டி வெச்சோம், ஜன்னல்ல பெட்ஷீட்ட டேப் போட்டு ஒட்டினோம், மெத்தைய எல்லாம் இழுத்துட்டு வந்து பக்கத்துல பக்கத்துல போட்டோம். ஒரு மனுஷன் சும்மா உக்காந்திருந்தாலே ஏறக்குறைய நூறு வாட் பல்பு அளவுக்கு சூடு விடுறான், அஞ்சு பேருன்னா ஒரு சின்ன ஹீட்டர் மாதிரி. பிரைவசி வேணும்னு தனியா படுக்கப் போன ஒரு மகராசன் நடுராத்திரி ரெண்டு மணிக்கு தலகாணியோட திரும்பி வந்தான், யாரும் ஒண்ணும் கேக்கல.

இன்னொண்ணு தற்செயலா கண்டுபிடிச்சோம். கீழ பேஸ்மென்ட்ல இருந்தது பழைய மாடல் கேஸ் வாட்டர் ஹீட்டர், சின்ன பைலட் சுடர் எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்குற வகை. அதுக்கு கரண்ட் வேண்டியதில்ல. குழாயத் திறந்தா சுடுதண்ணி வந்துச்சு! பாட்டில்ல புடிச்சு, மேல சாக்ஸ மாட்டி, போர்வைக்குள்ள கால்மாட்டுல வெச்சுக்கிட்டோம். வீட்டுக்குப் போன முதல் வாரமே பேஸ்மென்ட்டுக்கு இறங்கிப் பாரு, ஃபர்னஸ் எங்க இருக்கு, வாட்டர் ஹீட்டர் எந்த வகை, மெயின் தண்ணி வால்வு எது, பியூஸ் பாக்ஸ் எங்கன்னு. இருட்டுல செல்போன் வெளிச்சத்துல தேடுற சுகம் உனக்கு வேணாம்.

இப்ப நான் கத்தி சொல்லப்போற விஷயம். குளிர் தாங்கலன்னு கேஸ் அடுப்ப, ஓவன திறந்து விட்டு ரூம சூடு பண்ணாத. பண்ணவே பண்ணாத. கரி அடுப்பு, பார்பெக்யூ எதையும் உள்ள கொண்டு வராத. மூடின வீட்டுக்குள்ள கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனை கிடையாது, கலர் கிடையாது, தூக்கம் வர்ற மாதிரி வரும், அவ்ளோதான். ஒருத்தனுக்கு தலை வலிச்சா அது தலைவலி, அஞ்சு பேருக்கும் ஒரே நேரத்துல தலை வலிச்சு குமட்டினா அது கார்பன் மோனாக்சைடு, உடனே எல்லாரும் நல்ல காத்துக்கு வெளிய வாங்க, அப்புறம் அவசர நம்பர் 911க்கு போன் பண்ணு. வீட்ல பேட்டரில ஓடுற அலாரம் இருக்கான்னு பாரு, எங்க வீட்ல இருந்த அலாரத்துல பேட்டரியே இல்ல, ஏதோ ரிமோட்டுக்கு கழட்டிப் போட்டுட்டாங்க முன்னாடி இருந்தவங்க. ஓனருக்கு மெசேஜ் போட்டேன், பாக்குறேன்னாரு, பாத்துக்கிட்டே இருக்காரு. சில டாலர்தான், நீயே வாங்கிப் போட்டுடு. சமைக்கிறதுக்கு அடுப்ப தீக்குச்சில பத்த வெச்சு வேலை முடிஞ்சதும் அணைச்சுடறது வேற விஷயம், அதுல தப்பில்ல, ஜன்னல கொஞ்சம் திறந்து வெச்சுக்கோ.

கரண்ட் இருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. புது மாடல் ஃபர்னஸோட புகைக்குழாய் கூரை வழியா போகாது, வீட்டுச் சுவத்துல தரைக்கு ரெண்டு மூணு அடி மேல வெள்ளை பிளாஸ்டிக் பைப்பா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். ஸ்னோ குவிஞ்சு அந்த வாய மூடிட்டா ஃபர்னஸ் நின்னுடும், இல்ல புகை உள்ள திரும்பும். காத்து கொஞ்சம் அடங்கின நேரத்துல ஒருத்தன் போய் அத சுத்தி தோண்டி விட்டுட்டு வரணும். எங்க இருக்குன்னு அக்டோபர்லயே பாத்து வெச்சா பனிக்குள்ள தேட வேண்டியதில்ல.

தண்ணிக் குழாய்: தண்ணி உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், பைப் வெடிக்கும், வெடிச்சது உனக்கு உடனே தெரியாது, உருகும்போதுதான் சுவத்துலேர்ந்து அருவி கொட்டும். வெளிச்சுவர் பக்கம் இருக்குற குழாய நூல் மாதிரி ஒழுக விடு, சிங்க் கீழ இருக்குற கதவத் திறந்து வை. லீவுக்கு நியூஜெர்சி சித்தப்பா வீட்டுக்குப் போறேன்னா ஹீட்டர சுத்தமா அணைச்சுட்டு போகாத, 55க்கு கீழ எறக்காத, மெயின் வால்வ மூடிட்டு போ. எனக்குத் தெரிஞ்ச பசங்க முப்பது டாலர் மிச்சம் பண்ணப் போய் திரும்பி வந்தப்ப கீழ் போர்ஷன்காரரோட சீலிங் தரைல கிடந்துச்சு. ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் எடுத்துக்கோ, உன் லேப்டாப்பும் துணிமணியும் ஓனரோட இன்சூரன்ஸ்ல வராது.

இப்ப வெளிய இறங்குற விஷயம். ரெண்டாம் நாள் எங்கள்ல ஒருத்தன், பேர் வேணாம், ரெண்டு தெரு தள்ளி ஃப்ரெண்டு வீட்ல கரண்ட் இருக்காம், போன் சார்ஜ் பண்ணிட்டு வந்துடறேன்னு கிளம்பினான். ரெண்டு தெரு, நம்ம கணக்குல ஆறு நிமிஷம். முன் கதவு திறக்கவே இல்ல, வெளிய இடுப்பளவு குவிஞ்சு கிடந்துச்சு. பின் கதவு வழியா போறேன்னு ஷூ மாட்டினான். நாங்க நாலு பேரும் சத்தம் போட்டு, கடைசில ஒருத்தன் அவன் ஜாக்கெட்ட புடிங்கி வெச்சுக்கிட்டான். அன்னிக்கு அவன் எங்ககூட பேசல. அப்புறம் நியூஸ்ல வந்தத எல்லாம் படிச்சப்புறம் அவனே வந்து பேசினான். அந்தப் புயல்ல ஈரி கவுண்டில மட்டும் 40 பேருக்கு மேல செத்தாங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பி கார்ல மாட்டிக்கிட்ட 22 வயசுப் பொண்ணு, ஸ்னோ அள்ளும்போது நெஞ்சு வலி வந்தவங்க, நடந்து போயிடலாம்னு தெருவுல இறங்கினவங்க, ஹீட்டர் இல்லாத வீட்டுக்குள்ளயே உறைஞ்சவங்க. ஆம்புலன்ஸ், ஃபயர் வண்டியே பனில சிக்கிக்கிச்சு. 911 அடிச்சாலும் வர ஆள் இல்லாத நேரம் அது.

நம்ம ஊர்ப் பசங்களுக்கு இது மண்டைல ஏற ரொம்ப நேரமாகுது, அதுக்குக் காரணமும் இருக்கு. நமக்குப் புயல்னா வர்தா தெரியும், மிக்ஜாம் தெரியும், அதுல நல்ல பழக்கம் சிலது நமக்கு தானா வந்துருக்கு, பக்கெட்ல தண்ணி புடிச்சு வைக்கிறது, மெழுகுவத்தி தேடி வைக்கிறது. ஆனா அங்க மழை விட்ட உடனே நாம லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு தெருவுல இறங்கி யார் வீட்ல தண்ணி புகுந்துச்சுன்னு பாக்கப் போவோம். அந்தத் துடிப்பு நல்ல துடிப்புதான், இங்க அத ரெண்டு நாள் அடக்கி வைக்கணும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்ல மணிக்கு 24 கிலோமீட்டர் காத்தடிச்சா உடம்புக்கு அது மைனஸ் 28 மாதிரி, மூடாத தோல் அரை மணி நேரத்துல உறைஞ்சு போகும். அது குளிர் மட்டும். கண்ணே தெரியலன்னா உன் வீட்டு வாசல்லேர்ந்து இருபது அடில நீ தொலைஞ்சு போவ. (மெழுகுவத்திகூட வேணாம், அஞ்சு மெத்தை போட்ட ரூம்ல அது தீ வைக்கிற வேலை. டார்ச் வாங்கிக்கோ.)

கார் வெச்சிருக்குற பசங்களுக்கு ஒரு பத்தி. 2014 நவம்பர்ல நயாகரா யூனிவர்சிட்டி பொண்ணுங்க பாஸ்கெட்பால் டீம் பிட்ஸ்பர்க்ல மேட்ச் ஆடிட்டு பஸ்ல திரும்பி வந்துக்கிட்டிருந்தப்ப த்ரூவேங்கற பெரிய ஹைவேல சிக்கி ஏறக்குறைய 30 மணி நேரம் அந்த பஸ்லயே உக்காந்திருந்தாங்க. கேம்பஸ் கிட்டத்தட்ட வந்தாச்சு, ஒரு மணி நேர தூரம்கூட இருக்காது. அவங்க செஞ்ச சரியான காரியம் பஸ்ஸ விட்டு இறங்கி நடக்காததுதான். நீயும் கார்ல மாட்டினா கார்லயே இரு. எஞ்சின ஒரு மணிக்கு பத்து நிமிஷம் மட்டும் ஓட்டு, ஓட்டுறதுக்கு முன்னாடி சைலன்சர் வாய்ல இருக்குற ஸ்னோவ தள்ளி விட்டுடு, இல்லன்னா புகை உள்ள வரும், ஒரு ஜன்னல ஒரு விரல் அளவு திறந்து வை. டிக்கில போர்வை, ஷவல், தண்ணி, கடலை மிட்டாய். டேங்க் பாதிக்கு கீழ எறங்க விடாத. ஆனா இதெல்லாம் விட நல்லது கிளம்பாம இருக்குறது. எங்க செட்ல ஆறாவது ஆள் ஒருத்தன் இருந்தான், கார்ல நியூஜெர்சிலேர்ந்து வந்துக்கிட்டு இருந்தான், வெள்ளிக்கிழமை சிரக்யூஸ் கிட்ட வந்தப்ப போன் பண்ணி மோட்டல்ல 90 டாலர் கேக்குறான், இன்னும் ரெண்டரை மணி நேரம்தான், வந்துடறேன்னான். வந்தா உன்ன வீட்ல சேக்க மாட்டோம்னு சொன்னோம். ராச்செஸ்டர்லேர்ந்து பென்சில்வேனியா எல்லை வரைக்கும் த்ரூவேய மூடியாச்சு, வந்திருந்தா நடுரோட்ல நின்னிருப்பான். நாலு ராத்திரி மோட்டல் காசு போச்சேன்னு இன்னிக்கும் புலம்புறான். புலம்புறதுக்கு இருக்கான்ல. டிராவல் அட்வைசரின்னா போகாம இருந்தா நல்லதுன்னு அர்த்தம், டிராவல் பான்னா ஓட்டினாலே சட்டப்படி குத்தம், விசால இருக்குற நமக்கு அந்த வம்பு எதுக்கு. பஃபலோ சிட்டிக்குள்ள அந்தத் தடை 29ஆம் தேதிதான் விலகுச்சு, அப்படின்னா ஆறு நாள்.

அந்த ஆறு நாளுதான் உன் சாப்பாட்டுக் கேள்விக்கும் பதில். ஒரு வாரத்துக்கு வை, பாதி அடுப்பு இல்லாம சாப்பிடுற மாதிரி இருக்கணும். உன் வீட்டு அடுப்பு கேஸா எலக்ட்ரிக்கான்னு பாரு, எலக்ட்ரிக்னா கரண்ட் போனா ரைஸ் குக்கரும் போச்சு அடுப்பும் போச்சு. அவல் ரெண்டு கிலோ வாங்கி வை, தண்ணில ஊற வெச்சு தயிரோ வெல்லமோ போட்டா சோறு மாதிரி இறங்கும், எங்கள காப்பாத்தினது அவல்தான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், கடலை, பேரீச்சம்பழம், பிரெட், பீனட் பட்டர், பால் பவுடர். டின்ல வர்ற கொண்டைக்கடலை வாங்கினா டின் ஓப்பனரும் வாங்கு, சிரிக்காத, நாங்க கத்தியால குத்தித் திறந்தோம். மேகி இருபது பாக்கெட் வாங்கினா போதும்னு நெனைக்காத, அதுக்கும் சூடுதண்ணி வேணும், மூணாவது நாள் மேகி வாசனையே புடிக்காது. ஃபிரிட்ஜ சும்மா சும்மா திறக்காத, மூடி வெச்சா நாலு மணி நேரம் தாங்கும், அதுக்கு மேல பால் தயிர எல்லாம் ஒரு டப்பால போட்டு மூடின பின் போர்ச்ல வெச்சுடு, அதுவே பெரிய ஃபிரிட்ஜ். குடிக்கிற தண்ணி தலைக்கு தினமும் நாலு லிட்டர் கணக்குல புடிச்சு வை. ஸ்னோவ அள்ளி அப்படியே வாய்ல போடாத, உடம்பு சூட்ட தின்னுடும். டாய்லெட்ல ஊத்த வேணும்னா உருக்கிக்கலாம், ஆனா பத்து பக்கெட் ஸ்னோ உருகினா ஒரு பக்கெட் தண்ணிதான் வரும்.

மாத்திரை போடுறவன் இருந்தா அவன் லிஸ்ட்தான் முதல் லிஸ்ட். எங்க வீட்ல ஒருத்தனுக்கு வீசிங், இன்ஹேலர் முடியற நிலைமைல இருந்துச்சு. அந்த வியாழக்கிழமை மழைல பஸ் புடிச்சு போய் வாங்கிட்டு வந்தான், ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் யோசிக்க விரும்பல.

துணி விஷயத்துல பெரிய ஜாக்கெட் ஒண்ணு வாங்கிட்டா போதும்னு நெனைக்காத. மெல்லிசா மூணு நாலு அடுக்கு, உள்ள பருத்தி வேணாம், வேர்வைய குடிச்சுக்கிட்டு ஈரமாவே இருக்கும். கைக்கு விரல் விரலா இருக்குற கிளவுஸ விட எல்லா விரலும் ஒண்ணா இருக்குற மிட்டன் சூடு. அம்மா திணிச்சு விடுற மங்கி குல்லாவ வேணாம்னு சொல்லாத, ஏர்போர்ட்ல கூச்சமா இருக்கும், டிசம்பர்ல நீயே அம்மாவுக்கு போன் பண்ணி நன்றி சொல்லுவ.

அம்மான்னதும் ஞாபகம் வருது. போன் சார்ஜ். நம்ம ஊர் நியூஸ் சேனல்ல பஃபலோன்னு சிவப்பு எழுத்துல ஓட ஆரம்பிச்சதும் பெரியப்பா வரைக்கும் எல்லாரும் வீடியோ கால் போடுவாங்க, பத்தரை மணி நேர வித்தியாசம் வேற, நடுராத்திரி மூணு மணிக்கு அடிக்கும். நாங்க பண்ணினது, அஞ்சு வீட்டுக்கும் சேத்து ஒரு வாட்ஸ்அப் குரூப், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு ஒரே மெசேஜ், எல்லாரும் நல்லா இருக்கோம், சாப்பிட்டோம், கால் வேணாம் சார்ஜ் கம்மி. ஒரு நேரத்துல ஒரு போன் மட்டும் ஆன்ல, மத்தது ஏரோப்ளேன் மோட்ல போர்வைக்குள்ள, குளிர்ல பேட்டரி வேகமா எறங்கும். கரண்ட் இருக்கும்போதே பவர் பேங்க், லேப்டாப் எல்லாத்தையும் நூறுக்கு ஏத்தி வை, லேப்டாப்லேர்ந்தும் போன் சார்ஜ் ஏத்தலாம். கரண்ட் இல்லன்னு ரிப்போர்ட் பண்ணு, பக்கத்து வீட்டுக்காரன் பண்ணியிருப்பான்னு நெனச்சுதான் எவனும் பண்றதில்ல. சாதாரண உதவிக்கு 211, ரோடு நிலவரத்துக்கு 511, உயிர் போற விஷயத்துக்கு மட்டும் 911. அசைன்மென்ட் டெட்லைன் இருந்தா கரண்ட் இருக்கும்போதே புரொபசருக்கு ஒரு மெயில் போட்டு வை, இந்த ஊர் ஆளுங்களுக்கு ஸ்னோ புரியும், யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

கேம்பஸுக்குள்ள இருக்குறவனுக்கு டைனிங் ஹால் இருக்கும், கதவத் தட்டிப் பாக்க ஆள் இருக்கும். உனக்கு நீதான் மெஸ், நீதான் வார்டன். அதனால உனக்கு வேண்டியது பக்கத்து வீடு. நம்ம பசங்க ரெண்டு வருஷம் ஒரே தெருவுல இருந்துட்டு எதிர் வீட்டுக்காரர் பேர் தெரியாம போயிடறாங்க. அந்தப் புயல்ல நயாகரா பாக்க வந்த கொரியாக்காரங்க வேன் பனில புதைஞ்சுது, ஷவல் கடன் கேக்கலாம்னு பஃபலோ பக்கத்துல வில்லியம்ஸ்வில்ல ஒரு வீட்டுக் கதவத் தட்டினாங்க. அந்த வீட்டுக்காரங்க ஷவல் குடுக்கல, மொத்த கூட்டத்தையும் உள்ள கூப்பிட்டுக்கிட்டாங்க. வீட்ல கிம்ச்சி முதற்கொண்டு கொரியன் சமையல் சாமான் வேற இருந்துச்சாம், அந்த வாரக் கடைசி முழுக்க சேந்து சமைச்சு சாப்பிட்டாங்க. பக்கத்துலயே சீக்டவாகாங்கற ஊர்ல இன்னொருத்தர் கார்ல சிக்கி, எந்த வீட்லயும் கதவத் திறக்காம, கடைசில ஒரு ஸ்கூல் ஜன்னல ஒடச்சு உள்ள போய், ரோட்ல கார்ல கிடந்தவங்கள எல்லாம் கூட்டிட்டு வந்து இருபது பேருக்கு மேல காப்பாத்தினாரு, கிளம்பும்போது ஜன்னல ஒடச்சதுக்கு மன்னிப்பு கேட்டு ஒரு சீட்டு எழுதி வெச்சுட்டுப் போனாரு. கதவத் திறக்காத வீடுகளும் இதே ஊர்லதான் இருந்துச்சுன்னு மறந்துடாத. எங்களுக்கு வாச்சது எதிர் வீட்டு பாட்டி. செப்டம்பர்ல ஒரு தடவ அவங்க மளிகைப் பைய தூக்கிக் குடுத்தோம், அவ்ளோதான் பழக்கம். மூணாவது நாள் காத்து நின்னதும் அவங்கதான் ஜன்னல்லேர்ந்து கைய ஆட்டி கூப்பிட்டாங்க, அவங்க பக்கம் கரண்ட் வந்துருச்சு. ஷவல் எடுத்து ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் போற அளவுக்கு வெட்டிக்கிட்டே போக எங்களுக்கு ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு, தெரு அகலம் முப்பது அடிகூட இருக்காது.

ஷவல் போடுறதும் ஒரு வித்தை. முதுக வளைச்சு தூக்காத, தள்ளு. பொடி ஸ்னோ லேசு, ஈர ஸ்னோ சிமென்ட் மூட்டை. பத்து நிமிஷம் போட்டா அஞ்சு நிமிஷம் நில்லு, இளவட்டம்னு வீம்பு புடிக்காத. நடைபாதைய யார் சுத்தம் பண்ணணும்னு லீஸ்ல எழுதியிருக்கும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி படி, எங்க லீஸ்ல எங்க தலைலதான் கட்டியிருந்தாங்க. வீட்டு முன்னாடி தீயணைப்பு ஹைட்ரன்ட் இருந்தா அதயும் தோண்டி விட்டுடு.

இன்னொரு விஷயம் சொல்லாம விட்டா பொய் சொன்ன மாதிரி ஆகிடும், சண்டை. அஞ்சு ஆம்பளப் பசங்க ஒரே ரூம்ல மூணு நாள். முதல் நாள் அந்தாக்ஷரி, ரெண்டாவது நாள் யார் கடைசி பிரெட்ட சாப்பிட்டதுன்னு கோர்ட் கேஸ், மூணாவது நாள் ஒருத்தன் சுவத்தப் பாத்து உக்காந்துக்கிட்டான். அழுதுக்கிட்டு இருந்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கிறிஸ்துமஸ் அன்னிக்கு வீட்ல கேக் வெட்டுவாங்களாம், வேளாங்கண்ணி பக்கம் அவன் ஊர். அதனால வேலைய பிரிச்சுக்கோங்க, ஒருத்தன் தண்ணி, ஒருத்தன் சாப்பாட்டு அளவு, ஒருத்தன் போன். ஒரு சீட்டுக்கட்டு வாங்கி வை, அஞ்சு டாலர்தான். நாங்க அந்த கிறிஸ்துமஸுக்கு அவல்ல வெல்லமும் பேரீச்சம்பழமும் போட்டு பிசைஞ்சு தட்டுல கேக் மாதிரி தட்டி, செல்போன் லைட்ட நடுவுல நிக்க வெச்சு அவன வெட்டச் சொன்னோம். வெட்ட வரல, உதிர்ந்துருச்சு, ஸ்பூன்லதான் சாப்பிட்டோம்.

அட்மிஷன மாத்திக்கலாமான்னு கடைசில ஒரு வரி கேட்டிருந்தியே, அதுக்கெல்லாம் மாத்த வேணாம். நான் இன்னும் இங்கதான் இருக்கேன். ஆகஸ்ட்ல வந்ததும் போன் பண்ணு, பேஸ்மென்ட்ட சேந்து பாத்துடலாம், என்கிட்ட ஒரு ஷவல் எக்ஸ்ட்ரா இருக்கு.